ரசீதோடு கிளம்புங்கள்

விமானச் சீட்டை மூன்று மாதம் முன்பே எடுத்துவிடுகிறோம். விசா, மாத்திரைகள், மருத்துவர் எழுதிய சீட்டு, பருப்புப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய் எல்லாம் ஒரு வாரம் முன்பே பெட்டிக்குள் போய்விடுகின்றன. பணத்தை மட்டும் கடைசி நாள் சாயங்காலத்துக்கு விட்டுவைக்கிறோம். அப்போது அவசரமாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன ஆளிடம், அவர் சொன்ன விலைக்கு, ஐந்நூறு வெள்ளியோ ஆயிரம் ரிங்கிட்டோ வாங்கிக்கொண்டு ஓடுகிறோம். ரசீது கேட்பதில்லை. கேட்டாலும் அவர் தரமாட்டார்.

திருச்சியிலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய் என்று விமானங்கள் பறக்கின்றன. 2024 ஜனவரி 2 அன்று பிரதமர் திறந்துவைத்து, ஜூன் 11 முதல் பயன்பாட்டுக்கு வந்த புதிய முனையத்தில் புறப்பாட்டு வரிசையைப் பார்த்தால் இந்த ஊரின் உறவுகள் எங்கெல்லாம் பரவியிருக்கின்றன என்பது தெரியும். மகள் பிரசவத்துக்காக சிங்கப்பூர் போகும் ஸ்ரீரங்கத்துத் தம்பதி, முதல் முறையாக வளைகுடா வேலைக்குப் போகும் பெரம்பலூர் இளைஞர், தைப்பூசத்துக்குப் பத்துமலை போகும் குழு, உம்ரா செல்லும் குடும்பம் எல்லோரையும் அங்கே பார்க்கலாம். எல்லோருக்கும் இருக்கும் கேள்விகளும் ஒன்றுதான். கையில் எவ்வளவு வைத்திருக்கலாம், எங்கே வாங்குவது, அங்கே போய் எப்படிப் பத்திரப்படுத்துவது?

பதிலைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு மூன்று நாள் செலவுக்கு மட்டும் தாளாக எடுத்துக்கொள்ளுங்கள், மீதி கார்டில் இருக்கட்டும். அந்தத் தாளை உரிமம் உள்ள இடத்தில் வாங்கி, ரசீதைப் பாஸ்போர்ட்டோடு வைத்திருங்கள். இதற்கான காரணங்களையும் கணக்கையும் தெரிந்துகொண்டால் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது.

எவ்வளவு எடுத்துப் போகலாம்

இந்தியாவில் வசிப்பவர் ஒருவர் ஒரு நிதியாண்டில், பயணம், படிப்பு, மருத்துவம், அன்பளிப்பு எல்லாம் சேர்த்து 2,50,000 அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பவோ எடுத்துப் போகவோ ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. 2004-இல் இந்தத் திட்டம் வந்தபோது வரம்பு 25,000 டாலராகத்தான் இருந்தது. ஆனால் நமக்கு முக்கியமான எண் இது இல்லை. கையில் தாளாகவும் நாணயமாகவும் எடுத்துப் போக ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் அல்லது அதற்கு ஈடான வேறு நாட்டுப் பணம்தான் உச்சம். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஃபாரெக்ஸ் கார்டிலோ வங்கி வரைவோலையாகவோ வாங்க வேண்டும். ஹஜ், உம்ரா யாத்திரிகர்களுக்கு இந்த 3,000 டாலர் கட்டுப்பாடு இல்லை. ஈராக், லிபியா போகிறவர்களுக்கு 5,000 டாலர் வரை உண்டு. ஈரான், ரஷ்யா போன்ற சில நாடுகளுக்கும் தனி விலக்கு இருக்கிறது.

இந்த வரம்பு ஒவ்வொரு பயணிக்கும் தனித்தனி. கணவன் மனைவி இருவர் போனால் இருவர் பெயரிலும் தனித்தனியாக வாங்க வேண்டும், தனித்தனி ரசீது வேண்டும். இருவர் பணத்தையும் ஒருவர் கைப்பையில் வைத்துக்கொண்டு, ரசீதை இன்னொருவர் பெட்டியில் போட்டு விமானத்துக்குள் அனுப்பிவிட்டால், சுங்கத் துறை அதிகாரி கேட்கும்போது விளக்கிச் சொல்ல முடியாமல் திண்டாட வேண்டியிருக்கும்.

இந்திய ரூபாயும் கொஞ்சம் எடுத்துப் போகலாம். ஒருவர் 25,000 ரூபாய் வரை வெளியே கொண்டுபோகவும், திரும்பும்போது கொண்டுவரவும் அனுமதி உண்டு. திரும்பி வந்து விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போக ஆட்டோவுக்கும் டாக்சிக்கும் வேண்டுமே, இரண்டாயிரம் மூவாயிரத்தைத் தனியாக ஒரு உறையில் போட்டு வைப்பது நல்லது.

போகிற நாட்டிலும் ஒரு வரம்பு இருக்கும். சிங்கப்பூரில் 20,000 சிங்கப்பூர் டாலருக்கு மேல் கையில் இருந்தால் அறிவிக்க வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் 60,000 திர்ஹம், மலேசியாவில் 10,000 அமெரிக்க டாலர் மதிப்பு. 3,000 டாலருக்குள் எடுத்துப் போகிறவருக்கு இந்தப் பிரச்சினை வரவே வராது.

எங்கே வாங்குவது

வெளிநாட்டுப் பணத்தை விற்கவும் வாங்கவும் ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்றவர்களுக்கு மட்டுமே அதிகாரம். வங்கிகள், உரிமம் பெற்ற மணி சேஞ்சர்கள், அவ்வளவுதான். திருச்சியில் மத்திய பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள கண்டோன்மென்ட் பகுதியில் இப்படிப்பட்ட கடைகள் இருக்கின்றன. உள்ளே நுழைந்ததும் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, ரிசர்வ் வங்கி உரிமத்தின் நகல் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். இரண்டு, அன்றைய விலைப் பலகை. இந்த இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் அடுத்த கடைக்குப் போங்கள். உரிமம் பெற்றவர்களின் பட்டியல் ரிசர்வ் வங்கி இணையதளத்தில் இருக்கிறது. பேத்தியிடமோ பேரனிடமோ சொன்னால் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

கையில் பாஸ்போர்ட், விசா, விமானச் சீட்டு, பான் கார்டு வேண்டும். ஏ2 என்ற படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். ஒரு பயணத்துக்காக வாங்கும் மொத்தத் தொகை 50,000 ரூபாய்க்குள் இருந்தால் ரொக்கமாகக் கொடுக்கலாம். அதற்கு மேல் போனால் காசோலை, டெபிட் கார்டு, வங்கிப் பரிமாற்றம் என்று உங்கள் கணக்கிலிருந்துதான் போக வேண்டும். “எத்தனை லட்சமானாலும் கேஷாகக் கொடுங்கள், பான் வேண்டாம், பில் வேண்டாம், ரேட்டில் ஐம்பது பைசா குறைத்துத் தருகிறேன்” என்று ஒருவர் சொன்னால் அவருக்கு உரிமம் இல்லை என்று பொருள். அல்லது உரிமம் இருந்தும் கணக்கில் காட்டாமல் விற்கிறார். இரண்டிலும் மாட்டிக்கொள்பவர் விமான நிலையத்தில் நிற்கும் நீங்கள்தான்.

இப்போது விலைக்கு வருவோம். பலகையில் ஒவ்வொரு நாட்டுப் பணத்துக்கும் இரண்டு எண் இருக்கும். கடைக்காரர் நம்மிடம் வாங்கும் விலை குறைவாக இருக்கும், நமக்கு விற்கும் விலை கூடுதலாக இருக்கும். நாம் கைபேசியில் தேடிப் பார்க்கும் விலை இரண்டுக்கும் நடுவில் இருக்கும். அது வங்கிகள் தங்களுக்குள் பெரிய அளவில் மாற்றிக்கொள்ளும் விலை, அந்த விலைக்கு நமக்கு யாரும் தரமாட்டார்கள். அதை அளவுகோலாக வைத்துக்கொண்டு கடைக்காரர் எவ்வளவு விலகிப் போகிறார் என்று மட்டும் பார்க்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கைபேசியில் ஒரு சிங்கப்பூர் வெள்ளி 70 ரூபாய் என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கடை 71-க்கு விற்கிறது, இன்னொரு கடை 72 ரூபாய் 50 காசுக்கு. ஐந்நூறு வெள்ளிக்கு முதல் கடையில் 35,500 ரூபாய், இரண்டாவது கடையில் 36,250. இதோடு ஜிஎஸ்டி சேரும். மாற்றும் தொகை முழுவதுக்கும் 18 சதவீதம் என்று பலர் நினைத்துப் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. ஒரு லட்சம் ரூபாய் வரை மாற்றினால், தொகையில் ஒரு சதவீதத்தைச் சேவையின் மதிப்பு என்று எடுத்துக்கொண்டு, அந்த மதிப்புக்குத்தான் 18 சதவீதம். குறைந்தபட்ச மதிப்பு 250 ரூபாய், ஆகவே குறைந்தபட்ச வரி 45 ரூபாய். 35,500 ரூபாய்க்கு ஒரு சதவீதம் 355, அதற்கு வரி 63 ரூபாய் 90 காசு. ஒரு லட்சத்துக்கு முழு வரியே 180 ரூபாய்தான். ஆக, இரண்டு கடைக்கும் உள்ள 750 ரூபாய் வித்தியாசம் விலையில்தான் இருக்கிறது, வரியில் இல்லை. “கமிஷன் கிடையாது” என்று எழுதிப் போட்டிருக்கும் கடையின் லாபமும் அந்த விலைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். எனவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: “எல்லாம் சேர்த்து ஐந்நூறு வெள்ளிக்கு நான் எவ்வளவு தர வேண்டும்?” இதே கேள்வியை மூன்று கடைகளில் தொலைபேசியில் கேளுங்கள். பத்து நிமிட வேலை.

விமான நிலையத்துக் கவுன்டரை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே விலை பொதுவாகக் கூடுதலாக இருக்கும், வேறு கடைக்கு நடந்துபோய்க் கேட்கவும் வழியில்லை.

தாள்களை வாங்கும்போது பெரிய தாளாகவே வாங்கிக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் உண்டு. மடித்து வைக்க வசதி என்று நூறு டாலர் தாள், ஐம்பது வெள்ளித் தாள். போய் இறங்கியதும் ஒரு காப்பி வாங்கக்கூட அதை நீட்ட வேண்டியிருக்கும். கவுன்டரில் சொல்லுங்கள்: “பாதி பெரிசாக் குடுங்க, மீதியை பத்து, அஞ்சு, ரெண்டுன்னு கலந்து குடுங்க.” சிங்கப்பூர்ப் பேருந்தில் ரொக்கமாகக் கட்டணம் போட்டால் மீதிச் சில்லறை தரமாட்டார்கள் என்பது ஒரு முறை போனவர்களுக்குத் தெரியும்.

வாங்கிய தாளை அங்கேயே ஒவ்வொன்றாகப் பாருங்கள். பேனாவால் கிறுக்கியிருக்கிறதா, ஸ்டேப்ளர் ஓட்டை இருக்கிறதா, விளிம்பு கிழிந்திருக்கிறதா, ஏதாவது கடையின் முத்திரை குத்தியிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அப்போதே மாற்றிக் கேளுங்கள். அமெரிக்க டாலர் தாள் எதுவும் சட்டப்படி காலாவதி ஆவதில்லை. ஆனால் ஆசிய நாடுகளில் பல மணி சேஞ்சர்கள் பழைய சின்னத் தலை படம் போட்ட தாளையும், லேசாகக் கறை பட்ட தாளையும் தள்ளிவிடுவார்கள், அல்லது விலையைக் குறைப்பார்கள். 2013 முதல் வெளிவந்த புதிய நூறு டாலர் தாளில் நடுவில் நீல நிறத்தில் ஒரு பட்டை ஓடும். தாளை அசைத்தால் அதற்குள் இருக்கும் உருவங்கள் நகர்வதுபோலத் தெரியும். அந்தத் தாளாகப் பார்த்து வாங்குவது நல்லது.

பிறகு ரசீது. அதில் உங்கள் பெயர், பாஸ்போர்ட் எண், எந்த நாட்டுப் பணம், எத்தனை, என்ன விலை, எவ்வளவு வரி, கடையின் பெயர், உரிம எண், முத்திரை எல்லாம் இருக்கின்றனவா என்று படித்துப் பாருங்கள். பெயரில் ஓர் எழுத்து தவறாக இருந்தாலும் திருத்தி வாங்குங்கள். பாஸ்போர்ட்டில் குறிப்பு எழுதுவது இப்போது கட்டாயமில்லை என்பதால், இந்தப் பணம் உங்களுடையது, நேர்வழியில் வாங்கியது என்பதற்கு இருக்கும் சான்று அந்த ஒரு தாள்தான்.

உறவினரிடம் வாங்கலாமா, கவரை எடுத்துப் போகலாமா

நம் ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. சிங்கப்பூரிலிருந்து மச்சான் விடுமுறைக்கு வந்திருப்பார். அவரிடம் மிச்ச வெள்ளி இருக்கும். “கடைக்கு எதுக்குப் போறே, நானே தர்றேன், ரூபாயை எனக்குக் குடு” என்பார். நல்லெண்ணம்தான். ஆனால் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், 1999, உரிமம் பெற்றவரைத் தவிர வேறு யாரும் யாரிடமும் இப்படி விலைக்கு வாங்கவோ விற்கவோ கூடாது என்கிறது. வெளிநாட்டில் வசிக்கும் உறவினர் இங்கே வரும்போது அன்பளிப்பாக ஐம்பது நூறு வெள்ளி கையில் கொடுத்துவிட்டுப் போவது தவறில்லை. அதை வைத்துக்கொள்ளலாம். ரூபாய் கொடுத்து வாங்குவதுதான் தடை. மச்சானிடம் இருக்கும் வெள்ளியை அவர் கடையில் மாற்றிக்கொள்ளட்டும், உங்களுக்கு வேண்டியதை நீங்கள் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஆயிரம் ரூபாய் கூட நஷ்டம் வரலாம். பரவாயில்லை என்பதே என் எண்ணம்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. திருச்சிக்காரர்கள் எல்லோருக்கும் “குருவி” என்றால் யார் என்று தெரியும். அடிக்கடி போய்வந்து பொருளையோ பணத்தையோ தங்கத்தையோ கொண்டு சேர்ப்பவர். திருச்சி விமான நிலையத்தில் பெட்டியின் அடியிலும் உடைக்குள்ளும் மறைத்துவைத்த வெளிநாட்டுப் பணத்தைச் சுங்க அதிகாரிகள் பறிமுதல் செய்த செய்தி நாளிதழ்களில் அடிக்கடி வருகிறது. பழக்கப்பட்ட ஆள் மாட்டிக்கொள்வார் என்பதால், சந்தேகம் வராத முகத்தைத் தேடுகிறார்கள். வயதானவர்கள், குழந்தையோடு போகிறவர்கள், முதல் முறை போகும் இளைஞர்கள்.

வரிசையில் நிற்கும்போது ஒருவர் வந்து மரியாதையாகப் பேசுவார். “ஐயா, என் தம்பி அங்கதான் வேலை பாக்குறான். அவனுக்கு இந்தக் கவரை மட்டும் குடுத்துடுறீங்களா? வெளியே வந்ததும் அவனே வந்து வாங்கிப்பான்.” கூடவே ஒரு பலகாரப் பொட்டலமும் கொடுப்பார். அந்தக் கவரில் என்ன இருந்தாலும், அது உங்கள் கையில் இருக்கும் நிமிடத்திலிருந்து உங்களுடையது. சட்டத்தை மீறிய பணமாக இருந்தால் அது பறிமுதலாகும். அதோடு அந்தத் தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. கவர் கொடுத்தவர் அப்போது அங்கே இருக்கமாட்டார். முகதாட்சண்யம் பார்க்க வேண்டாம். “என்னால முடியாதுங்க” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். வற்புறுத்தினால் அருகில் நிற்கும் பாதுகாப்புப் படை வீரரிடம் சொல்லுங்கள்.

வேலைக்குப் போகும் இளைஞர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும். முதல் சம்பளம் வந்ததும் உண்டியலில் அனுப்பினால் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள், விலையும் கூடக் கிடைக்கும் என்று அறைத் தோழர்கள் சொல்வார்கள். அந்த வழியில் போகும் பணத்துக்குக் கணக்கு இல்லை, நடுவில் ஒருவர் கையை விரித்துவிட்டால் புகார் செய்யவும் வழியில்லை. வங்கி வழியாகவோ அந்த நாட்டு உரிமம் பெற்ற எக்ஸ்சேஞ்ச் வழியாகவோ அனுப்புங்கள். நாளைக்கு ஊரில் வீடு கட்டக் கடன் கேட்கும்போது அந்த வங்கிக் கணக்குதான் உங்களுக்காகப் பேசும்.

நாட்டுக்கு நாடு

சிங்கப்பூரில் தாள் அதிகம் தேவைப்படாது. ரயிலிலும் பேருந்திலும் வெளிநாட்டு விசா, மாஸ்டர் கார்டுகளையே தட்டிவிட்டுப் போகலாம். உணவு அங்காடிகளிலும் தேக்கா சந்தையிலும் கையில் தாள் இருந்தால் வசதி. சிராங்கூன் சாலையிலும் முஸ்தபா கடைப் பகுதியிலும் உரிமம் பெற்ற மணி சேஞ்சர்கள் நெருக்கமாக இருப்பதால் போட்டி உண்டு, விலையும் நியாயமாக இருக்கும். எனவே இங்கிருந்து இருநூறு முந்நூறு வெள்ளியோடு போனாலே போதும். புருணை டாலர் தாள் கைக்கு வந்தால் பதற வேண்டாம். 1967 முதல் இருக்கும் ஒப்பந்தப்படி இரண்டு நாட்டுப் பணமும் ஒன்றுக்கொன்று சமமாகச் செல்லும்.

இந்தியாவிலிருந்து சிங்கப்பூரிலுள்ள உறவினர் கணக்குக்குக் கைபேசியிலேயே பணம் அனுப்பவும், அங்கிருந்து பெறவும் யுபிஐ–பேநவ் இணைப்பு 2023 பிப்ரவரி 21 முதல் இருக்கிறது. குறிப்பிட்ட வங்கிகளுக்கு மட்டும் இந்த வசதி, தினசரி வரம்பும் உண்டு. உங்கள் வங்கியில் இருக்கிறதா என்று கேட்டு வைத்துக்கொண்டால், கார்டு தொலைந்த நாளில் இது கைகொடுக்கும்.

இலங்கைக்குப் போகிறவர்கள் இங்கே இலங்கை ரூபாயைத் தேடி அலைய வேண்டாம். நல்ல நிலையில் உள்ள அமெரிக்க டாலர் தாள்களை எடுத்துப் போய், கட்டுநாயக்க விமான நிலையத்தில் வருகைக் கூடத்திலேயே இருக்கும் வங்கிக் கவுன்டர்களில் மாற்றிக்கொள்ளலாம். அங்கே கொடுக்கும் ரசீதைத் திரும்பும் வரை வைத்திருங்கள், மீதியை மறுபடி டாலராக மாற்ற அதைக் கேட்பார்கள். 2024 பிப்ரவரி 12 முதல் இலங்கையில் யுபிஐ வழியாகவும் கடைகளில் பணம் செலுத்த முடிகிறது. ஆனால் நல்லூர்க் கோயில் வாசலில் பூ விற்பவரிடமும் கதிர்காமம் போகும் வழியில் இளநீர் விற்பவரிடமும் அதை எதிர்பார்க்கக் கூடாது.

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு நேபாளத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நூற்றெட்டு திவ்ய தேசங்களில் முதலாவதான திருவரங்கத்திலிருந்து, சாளக்கிராமம் என்று போற்றப்படும் முக்திநாத்துக்குக் குழுவாகப் போகிறவர்கள் நிறைய. அவர்கள் பலர் டாலர் வாங்க மணி சேஞ்சர் கடைக்குப் போய் “நேபாளத்துக்குத் தர முடியாது” என்று திருப்பி அனுப்பப்படுகிறார்கள். கடைக்காரர் சொல்வது சரி. நேபாளம், பூடான் பயணத்துக்கு அந்நியச் செலாவணி வழங்கக் கூடாது என்பது விதி. இந்திய ரூபாயே அங்கே செல்லும். 1993 முதல் 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய் என்று விலை நிலையாக இருக்கிறது, எனவே ரேட் விசாரிக்கும் வேலையே இல்லை. ஆனால் தாளின் மதிப்பில்தான் சிக்கல். 2018 டிசம்பரில் நேபாள அரசு 100 ரூபாய்க்கு மேற்பட்ட இந்தியத் தாள்களைத் தடை செய்தது. அந்த விதி அவ்வப்போது தளர்வதும் மாறுவதுமாக இருக்கிறது. நூறு ரூபாய்த் தாளுக்கு எப்போதும் சிக்கல் இருந்ததில்லை. ஆகவே கிளம்பும் முன் உங்கள் வங்கியில் சொல்லி நூறு ரூபாய்க் கட்டாக வாங்கிக்கொள்ளுங்கள். பை கொஞ்சம் கனக்கும், அவ்வளவுதான். காத்மாண்டு, பொக்காராவில் கார்டும் ஏடிஎம்மும் உண்டு. மலை ஏற ஏற அவை குறைந்துகொண்டே வரும் என்பதால் முக்திநாத் வரைக்குமான செலவைப் பொக்காராவிலேயே கையில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

கார்டைப் பற்றி

வீட்டில் இருக்கும் சாதாரண டெபிட் கார்டு வெளிநாட்டில் தானாக வேலை செய்யாது. 2020-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, புதிதாகக் கொடுக்கும் கார்டுகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும். வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியிலோ கிளையிலோ நாம்தான் திறக்க வேண்டும். திறக்கும்போதே தினசரி வரம்பையும் உங்கள் தேவைக்கேற்பக் குறைத்து வையுங்கள், திரும்பி வந்ததும் மூடிவிடுங்கள். சாதாரண கார்டுகளில் ஒவ்வொரு செலவுக்கும் பொதுவாக 2 முதல் 3.5 சதவீதம் வரை மாற்றுக் கட்டணம் சேரும், அதற்கு ஜிஎஸ்டியும் உண்டு. ஃபாரெக்ஸ் கார்டில் முன்கூட்டியே அன்றைய விலையில் பணத்தை ஏற்றிவிடுவதால், அந்த நாட்டுப் பணத்திலேயே செலவு செய்யும் வரை இந்தக் கட்டணம் வராது. ஒரு மாதத்துக்கு மேல் தங்குகிறவர்களுக்கு ஃபாரெக்ஸ் கார்டைச் சொல்வேன். நான்கு நாள் சுற்றுலாவுக்கு அதை வாங்கி, மிச்சத்தைத் திரும்ப எடுக்கக் கட்டணம் கட்டிக்கொண்டிருப்பது தேவையற்றது.

கடையிலோ ஏடிஎம்மிலோ கார்டைச் செருகினால் சில நேரம் திரையில் ஒரு கேள்வி வரும்: இந்திய ரூபாயில் கழிக்கட்டுமா, அந்த நாட்டுப் பணத்தில் கழிக்கட்டுமா? நமக்குப் பழகிய ரூபாயைப் பார்த்ததும் கை அதை நோக்கிப் போகும். அதை அழுத்தாதீர்கள். ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் மாற்று விலையை அந்த இயந்திரத்தின் நிறுவனமே வைக்கும், அது பெரும்பாலும் உங்கள் வங்கி விலையைவிட மோசமாக இருக்கும். எப்போதும் அந்த நாட்டுப் பணம். பெற்றோரை அனுப்பிவைக்கும் பிள்ளைகள் இந்த ஒன்றையாவது எழுதிக் கொடுத்து அனுப்பலாம்.

இந்திய சிம் கார்டைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். வங்கியின் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். கிளம்பும் முன் சர்வதேச ரோமிங்கைத் திறந்து வைத்தால் குறுஞ்செய்தி வரும். டேட்டாவை மட்டும் அணைத்து வையுங்கள்.

பத்திரமாக வைத்திருப்பது

பணத்தை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். அன்றைய செலவு சட்டைப் பையிலோ கைப்பையிலோ, மீதி உள்ளே ஒட்டிய பையில், ஒரு கார்டு கையில், இன்னொரு வங்கியின் கார்டு தங்கும் இடத்தில் பூட்டிய பெட்டியில். நம் பாட்டிமார் இடுப்பில் செருகிய சுருக்குப் பை இதற்கு இன்றைக்கும் நல்ல சாதனம். விமானத்தில் அனுப்பும் பெட்டிக்குள் மட்டும் பணத்தை வைக்கவே வைக்காதீர்கள். கூட்டமான இடத்தில் நின்று நோட்டுக்கட்டைப் பிரித்து எண்ணுவதும் வேண்டாம். பணம் எடுக்க வேண்டுமென்றால் தெருமுனை இயந்திரத்தை விட்டுவிட்டு, வங்கிக் கட்டடத்துக்குள் இருக்கும் ஏடிஎம்முக்குப் பகல் நேரத்தில் போங்கள். கார்டு உள்ளே சிக்கிக்கொண்டாலும் கேட்க ஆள் இருப்பார்கள்.

கார்டு தொலைந்தாலோ, நீங்கள் செய்யாத செலவு குறுஞ்செய்தியில் வந்தாலோ முதலில் செயலியில் கார்டை முடக்குங்கள், பிறகு வங்கிக்குத் தெரிவியுங்கள். உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் மூன்றாம் நபர் செய்த மோசடி என்றால், மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தவருக்கு நஷ்டம் எதுவும் இல்லை என்று 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி விதி செய்தது. ஊருக்குத் திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் அந்தப் பாதுகாப்பு குறைந்துகொண்டே போகும். வங்கியின் வெளிநாட்டு உதவி எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்திருங்கள். கைபேசியும் சேர்ந்து தொலைந்தால் அந்தத் தாள்தான் உதவும்.

திரும்பிய பிறகு

மிச்சமான வெளிநாட்டுப் பணத்தில் 2,000 டாலர் மதிப்பு வரை தாளாக வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் இருந்தால் ஊர் திரும்பிய நாளிலிருந்து 180 நாட்களுக்குள் உரிமம் பெற்றவரிடம் கொடுத்து ரூபாயாக்கிவிட வேண்டும். வரும்போது கையில் 5,000 டாலருக்கு மேல் தாள் இருந்தால் விமான நிலையத்திலேயே சுங்கத் துறையிடம் அறிவிக்கும் படிவம் கொடுக்க வேண்டும். வெளிநாட்டில் சேமித்துக்கொண்டு நிரந்தரமாகத் திரும்புகிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

மேலே பார்த்த கடையில் 71-க்கு விற்ற வெள்ளியைத் திரும்ப வாங்கும்போது 68 ரூபாய் 50 காசு தருகிறார்கள் என்று வைத்துக்கொண்டால், இருநூறு வெள்ளியை மாற்றினால் 500 ரூபாய் குறையும், 45 ரூபாய் வரியும் போகும். அடுத்த ஆண்டு மறுபடி போவதாக இருந்தால் வைத்துக்கொள்வதே லாபம். நாணயங்களை இங்கே யாரும் வாங்கமாட்டார்கள், எனவே அவற்றை அந்த ஊர் விமான நிலையத்திலேயே செலவழித்துவிடுங்கள்.

வீட்டு பீரோவில் தாத்தா காலத்து மலேசியப் பணமோ, பிரிட்டனிலிருந்து வந்த பழைய தாளோ இருந்தால் இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். மலேசியாவின் 500, 1,000 ரிங்கிட் தாள்கள் 1999 ஜூலை 1 முதல் செல்லாது. பிரிட்டனின் காகித 20, 50 பவுண்டு தாள்கள் 2022 செப்டம்பர் 30-க்குப் பிறகு கடையில் செல்லாது, இங்குள்ள மணி சேஞ்சரும் வாங்கமாட்டார். ஆனால் பாங்க் ஆஃப் இங்கிலாந்து இன்றைக்கும் அவற்றை மாற்றிக் கொடுக்கிறது.